இரத்தம் எடுப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

குழந்தைகள் நலப் புறநோயாளர் பிரிவில் பெற்றோர் எங்களிடம் அடிக்கடி முன்வைக்கும் வேண்டுகோள் ஒன்று உண்டு: "எல்லாச் சத்தும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரே இரத்தப் பரிசோதனையாக எழுதிக் கொடுங்கள்." சிலர் நாங்கள் எழுதும்வரை காத்திருப்பதும் இல்லை. ஆய்வகங்கள் தொகுப்பு விலையில் செய்துதரும் பரிசோதனைகளை முடித்துக்கொண்டு நான்கு பக்க அறிக்கையோடு வருகிறார்கள். பத்து மாதக் குழந்தையின் முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியபடியே இருக்கும். அறிக்கையில் தடித்த எழுத்தில் அச்சான இரண்டு எண்களைக் காட்டி, "இதற்கு என்ன மருந்து?" என்று கேட்பார்கள்.

இந்தக் கவலையை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. குழந்தை சரியாகச் சாப்பிடவில்லை என்ற எண்ணம் ஒரு தாயை எவ்வளவு வாட்டும் என்பதை நாள்தோறும் காண்கிறோம். ஆனால் இரத்தக் குழாயிலிருந்து தொடங்கும் தேடல் பெரும்பாலும் தவறான இடத்தில் தொடங்கும் தேடல் என்பதே எங்கள் கருத்து. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் சத்துக்குறையை முதலில் காட்டிக்கொடுப்பவை அது உண்ணும் உணவு, அதன் தாய் உண்ணும் உணவு, வளர்ச்சி அட்டையில் உள்ள கோடு, ஆடை களைந்து நல்ல வெளிச்சத்தில் பார்க்கும்போது தெரியும் உடல் ஆகியவைதாம். இவை எழுப்பும் ஐயத்தை உறுதிசெய்யவே பரிசோதனை. எதை ஐயுறுகிறோம் என்று தெரியாமல் எடுக்கும் இரத்தம் பல வேளைகளில் வீண் அச்சத்தைத் தரும். சில வேளைகளில் வீண் நிம்மதியையும் தரும். இரண்டாவது இன்னும் ஆபத்தானது.

இதற்குச் சான்று தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் ஏறினால் வழியில் வருவது வேலூர். அங்குள்ள கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஜாதவ், வெப், வைஷ்ணவா, பேக்கர் என்னும் நான்கு மருத்துவர்கள் 1962-ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தாய்ப்பால் குடித்து வளர்ந்த சில கைக்குழந்தைகளைப் பற்றியது அது. அக்குழந்தைகள் சுற்றியிருப்பவற்றில் நாட்டமின்றி மந்தமாகக் கிடந்தன. முன்பு கற்றவற்றை மறந்தன. தோல் கறுத்தது, கைகால்கள் தாமாக அசைந்தன, இரத்தசோகையும் இருந்தது. பார்ப்பவர் மூளைக் கோளாறு என்றே எண்ணியிருப்பார். விடை குழந்தையிடம் மட்டும் இல்லை, தாயிடமும் இருந்தது. விலங்குணவு ஏறத்தாழ இல்லாத உணவை உண்டுவந்த அத்தாய்மார்களிடம் வைட்டமின் பி12 குறைந்திருந்தது. அந்த வைட்டமினைக் கொடுத்ததும் குழந்தைகள் தேறின. இன்று உலகெங்கும் மருத்துவ மாணவர் படிக்கும் இந்த நோய்க்குறி நம் பக்கத்து ஊரில் துலங்கியது. தாயையும் சேர்த்து ஆராய வேண்டும் என்று தோன்றியதுதான் அதன் திறவுகோல் என்று நாங்கள் கருதுகிறோம்.

அறுபது ஆண்டுகள் கடந்தும் அந்த நோய் மறைந்துவிடவில்லை. 2016 முதல் 2018 வரை நடந்த தேசிய அளவிலான விரிவான ஊட்டச்சத்து ஆய்வு, 1 முதல் 4 வயதுவரையுள்ள இந்தியக் குழந்தைகளில் 14 சதவீதத்தினரிடம் பி12 குறைபாடு இருந்ததாகக் கூறுகிறது. ஆகவேதான் குழந்தையைக் காட்ட வரும் தாயிடம், "நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்கிறோம். "எனக்கு ஒன்றும் இல்லை டாக்டர், குழந்தையைப் பாருங்கள்" என்பார் அவர். பி12 பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில்தான் கிடைக்கிறது. காய்கறிகளிலும் தானியங்களிலும் இல்லை. சைவக் குடும்பங்கள் மட்டுமே கவனமாக இருக்க வேண்டும் என்று எண்ண வேண்டாம். வாரம் ஒருமுறை கறி சமைக்கும் வீட்டிலும், எல்லோரும் உண்டபின் மிஞ்சிய குழம்பை மட்டும் சோற்றில் ஊற்றிக்கொள்ளும் தாய் எங்களுக்குப் புதியவர் அல்லர். கேட்டால் அவரும் "அசைவம்தான்" என்பார்.

இந்தக் குறைபாடுள்ள குழந்தை மெலிந்திருக்க வேண்டும் என்பதில்லை, கொழுகொழுவென்றும் இருக்கலாம். அதனால்தான் பாட்டிமார் ஏமாந்துபோகிறார்கள். உங்கள் குழந்தை நான்கு மாதத்தில் முகம் பார்த்துச் சிரித்து, எட்டு மாதத்தில் சிரிப்பதை நிறுத்தியிருந்தால், நின்ற தலை மீண்டும் தொங்கினால், உட்கார்ந்த குழந்தை உட்கார மறந்தால், விரல் முட்டிகள் கறுத்தால், முடி மெலிந்து செம்பட்டையானால், கைகள் நடுங்கி உறக்கத்தில் மட்டும் அந்த நடுக்கம் நின்றால், அன்றே அழைத்து வாருங்கள். அடுத்த தடுப்பூசித் தேதிவரை காத்திருக்க வேண்டாம். பி12 இல்லாமல் கழியும் ஒவ்வொரு வாரமும் வளர்ந்துகொண்டிருக்கும் மூளைக்கு இழப்பு. இரத்தம் பிற்பாடு தேறிவிடும். அறிவு வளர்ச்சியில் ஏற்பட்ட இழப்பு எல்லாக் குழந்தைகளிலும் முழுமையாக மீள்வதில்லை. இத்தகைய குழந்தைக்குக் கடையில் வாங்கிய ஃபோலிக் அமில டானிக்கை மட்டும் ஊட்டினால் வெளிறிய நிறம் ஓரளவு மாறும், நரம்பின் நோயோ உள்ளே வளரும். சிகிச்சை தொடங்கிய முதல் நாட்களில் நடுக்கம் சற்றுக் கூடவும் கூடும். அதைக் கண்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்தது அட்டை. பேறுகாலத்தில் உங்களுக்குத் தரப்பட்ட தாய் சேய் நல அட்டையைத் தடுப்பூசிச் சீட்டு என்றே பலர் எண்ணுகிறார்கள். அதன் உள்ளே எடையைக் குறிக்கும் வரைபடம் இருக்கிறது. மருத்துவமனையில் உள்ள பல கருவிகளைவிட அந்தத் தாளை நாங்கள் மேலாக மதிக்கிறோம்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறோம். ஒரு வயதுப் பெண் குழந்தையின் எடை 7.6 கிலோ. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சித் தரத்தின்படி அந்த வயதில் எடைக்குறைவுக்கான எல்லை 7 கிலோ. ஆகவே இன்று மட்டும் நிறுத்துப் பார்த்தால் அக்குழந்தைக்குக் குறையில்லை என்றே தோன்றும். அதே குழந்தை ஆறாம் மாதத்தில் 7 கிலோவும் ஒன்பதாம் மாதத்தில் 7.5 கிலோவும் இருந்தது என்று அட்டை சொன்னால் எங்கள் முகம் மாறிவிடும். கடைசி மூன்று மாதங்களில் ஏறியது வெறும் 100 கிராம். கோடு படுத்துவிட்டது. இந்த நிலையில் எந்த இரத்தப் பரிசோதனையும் மிகச் சரியான எண்களைக் காட்டலாம். குழந்தைக்குப் போதிய உணவு போகவில்லை, அல்லது போகும் உணவு உடலில் ஒட்டவில்லை என்பதைக் கோடு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

இந்த அறிவு தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1980-இல் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்தார்கள். எடை ஏற்றம் தடைப்பட்ட குழந்தைகளைத் தேர்ந்தெடுத்துத் துணை உணவு கொடுத்தார்கள். மெலிந்தபின் உணவூட்டுவதைவிட, மெலியத் தொடங்கும்போதே கண்டுகொள்வது மேல் என்பது அதன் கொள்கை. கிராமத்துப் பெண்கள் தராசும் பென்சிலும் கொண்டு செய்த வேலை அது.

நம் பகுதியில் அந்தக் கோடு எளிதில் அறுந்துபோகிறது. ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளை நம்பி வந்த குடும்பங்கள் தருமபுரி, திருவண்ணாமலையிலிருந்தும், ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவை. பேறுகாலம் சொந்த ஊரில். முதல் தடுப்பூசிகள் அங்கே. அடுத்தவை ஜூஜூவாடியிலோ எல்லை தாண்டி அத்திப்பள்ளியிலோ. அறுவடைக்கோ திருவிழாவுக்கோ ஊருக்குப் போனால் இரண்டு மாதம். வீடு மாறும்போது முதலில் தொலைவது அட்டை. "அது கன்னடத்தில் இருக்கிறது", "இந்தியில் இருக்கிறது, உங்களுக்குப் புரியாதே என்று வைத்துவிட்டு வந்தேன்" என்கிறார்கள். எந்த மொழியானாலும் கொண்டுவாருங்கள். கிலோவும் தேதியும் எங்களுக்குப் புரியும். அட்டை தொலைந்திருந்தால், தடுப்பூசி போட்ட இடங்களில் எழுதிய எடைகளைக் கைப்பேசியில் படம்பிடித்து வைத்திருந்தாலும் போதும். அங்கன்வாடியில் எடுக்கும் எடையும் உயரமும் இப்போது போஷன் டிராக்கர் செயலியில் ஏறுகின்றன. இடம் மாறுவோர் தம் பதிவைப் புதிய அங்கன்வாடிக்கு மாற்றித் தரும்படி கேட்கலாம். கேட்கத் தயங்க வேண்டாம்.

அங்கன்வாடியில் கையைச் சுற்றி அளக்கும் நாடாவையும் பார்த்திருப்பீர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அது கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு. இரு பாதங்களிலும் விரலால் அழுத்தினால் குழி விழுந்து நிற்கும் வீக்கமும் அதே அளவு அவசரமானது. வீங்கிய குழந்தையைப் "பூசினாற்போல் இருக்கிறது" என்று மகிழ்ந்து சொல்வதைக் கேட்டிருக்கிறோம். அது சதையன்று, நீர்.

இனி, எல்லோரும் கேட்கும் இரத்தசோகைக்கு வருவோம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் 57.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. அதற்கு முந்தைய ஆய்வில் அது 50.7 சதவீதம். இந்த எண்ணைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. குடும்பநல ஆய்வில் விரலைக் குத்தி எடுக்கும் துளி இரத்தத்தில் அளக்கிறார்கள். முன்னர்ச் சொன்ன ஊட்டச்சத்து ஆய்வில் சிரையிலிருந்து இரத்தம் எடுத்தார்கள். 1 முதல் 4 வயதுவரை நாட்டு அளவில் 41 சதவீதம் என்று வந்தது. அதற்குச் சற்று முன் நடந்த குடும்பநல ஆய்வு நாட்டு அளவில் சுமார் 59 சதவீதம் என்றது. வயது வரம்பு சற்று வேறு. ஆயினும் இவ்வளவு இடைவெளிக்கு இரத்தம் எடுத்த முறையும் ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு குறையக்கூடும். முகாமில் விரல் குத்தி "இரத்தம் 9" என்று எழுதிக் கொடுத்தால் பதற வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். வாருங்கள், மீண்டும் அளப்போம். ஹீமோகுளோபின் எல்லையும் ஒன்றே அன்று: 2024-இல் உலக சுகாதார நிறுவனம் 6 முதல் 23 மாதக் குழந்தைகளுக்கு 10.5 கிராம் என்றும், இரண்டு முதல் ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு 11 கிராம் என்றும் பிரித்துக் கூறியது.

எண்ணைவிடக் காரணம் முக்கியம். எங்கள் அனுபவத்தில், ஓசூர்ப் பகுதியில் ஒன்றரை வயதுக் குழந்தையின் இரத்தசோகைக்குப் பின்னால் மிக அடிக்கடி நிற்பது பால். இது பலருக்கு வியப்பாக இருக்கும். இங்கே நல்ல பால் எளிதில் கிடைக்கிறது. சோறு உண்ண அடம்பிடிக்கும் குழந்தைக்குப் புட்டியைக் கொடுத்தால் வீடு அமைதியாகிறது. நாளொன்றுக்கு ஒரு லிட்டர்வரை போகிறது. ஒரு லிட்டர் பசும்பாலில் இரும்புச்சத்து ஏறத்தாழ அரை மில்லிகிராம்தான். பால் வயிற்றை நிறைத்து மற்ற உணவைத் தள்ளிவிடுகிறது. ஒரு வயதுக்கு முன்பே கொடுத்தால் குடலில் கண்ணுக்குத் தெரியாத இரத்தக்கசிவையும் உண்டாக்கலாம். குழந்தை வெள்ளையாக, உருண்டையாக இருக்கும். அந்த வெண்மை அழகன்று. ஒரு வயதுக்கு மேல் நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மிகாமல் பால் போதும். அதற்கு முன் தாய்ப்பாலே பிரதானம்.

மண், சுவர்க் காரை, சிலேட்டுக் குச்சி, சாம்பல் ஆகியவற்றைக் குழந்தை தின்றால் "வயிற்றில் பூச்சி" என்று பூச்சி மருந்து வாங்கிக் கொடுப்பது வழக்கம். பூச்சி இருக்கலாம். ஆனால் அந்த விபரீதப் பசியே இரும்புக் குறைபாட்டின் அடையாளமாகவும் இருக்கிறது. மறக்காமல் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேழ்வரகைப் பற்றிச் சொல்லாமல் இந்த மாவட்டத்தில் உணவைப் பற்றிப் பேச முடியாது. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து வரும் பாட்டிமார், "நாங்கள் கேழ்வரகு கொடுக்கிறோம், சத்துக் குறைய வாய்ப்பே இல்லை" என்பார்கள். பாதி உண்மை. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது; தானியங்களில் அதற்கு இணையில்லை. இரும்பும் இருக்கிறது, ஆனால் தவிட்டில் உள்ள ஃபைட்டேட் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. முளைகட்டி அரைத்தால் அந்தப் பிடி தளர்கிறது; கூடவே எலுமிச்சைச் சாறோ தக்காளியோ கொய்யாவோ சேர்ந்தால் இரும்பு நன்கு உறிஞ்சப்படும். பி12 கேழ்வரகில் இல்லை. இன்னொன்று: துணியில் வடிகட்டி நீராகக் கொடுக்கும் கூழில் வயிறு நிறையும், ஆற்றல் சேராது. கரண்டியைச் சாய்த்தால் உடனே வழியாத பதத்தில், ஒரு கரண்டி எண்ணெயோ நெய்யோ விட்டுக் கொடுங்கள். ஆறு மாதம் முடிந்ததும் மசித்த பருப்பு, அவரை, கீரை, பின்னர் முட்டை, மீன், ஈரல் என்று படிப்படியாகச் சேர்க்கலாம்.

இரும்பு மருந்து கொடுத்தும் தேறாத குழந்தைக்குத்தான் விரிவான பரிசோதனைகள் உண்மையில் தேவைப்படுகின்றன. உடலில் இருப்பிலுள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின், காய்ச்சலிலும் சளியிலும் தானாக ஏறிவிடும். ஆகவே காய்ச்சலின்போது எடுத்த ஃபெரிட்டின் 'இயல்பு' என்று வந்தால் அதை நம்ப முடியாது. தாலசீமியா மரபுக்கூறு உள்ள குழந்தையின் இரத்த அணுக்களும் இரும்புக் குறைபாட்டில் போலவே சிறுத்துத் தெரியும். அதற்கு ஆண்டுக்கணக்கில் இரும்பு டானிக் கொடுப்பதால் பயனில்லை. தொழில் நகரத்துக்கே உரிய இன்னொரு காரணம் ஈயம். தந்தையின் வேலை பழைய பேட்டரிகளை உடைக்கும் இடத்திலோ ஈயம் உருக்கும் இடத்திலோ என்றால், உடுப்பிலும் செருப்பிலும் அந்தத் தூசு வீட்டுக்கு வருகிறது. இரும்பு குறைந்த குழந்தையின் குடல் ஈயத்தை இன்னும் மிகுதியாக உறிஞ்சுகிறது. "அப்பா என்ன வேலை செய்கிறார்?" என்று நாங்கள் கேட்பது வருமானத்தை அறிய அன்று.

வைட்டமின் டி பற்றி ஓர் எச்சரிக்கை மட்டும். ஓசூரின் குளிருக்கு அஞ்சித் தொப்பியும் ஸ்வெட்டரும் போர்த்தி, வெயில் நுழையாத லைன் வீட்டில் வளரும் குழந்தைக்கு இது குறைவது எளிது. மணிக்கட்டு தடித்தல், ஒன்றரை வயதுக்குப் பின்னும் உச்சிக்குழி மூடாமை, நடக்கும்போது கால்கள் வில்லாக வளைதல் ஆகியவை இருந்தால் மணிக்கட்டு எக்ஸ்ரே ஒன்றே பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடும். இவை ஏதுமில்லாத குழந்தைக்கு இரத்தத்தில் டி அளவு பார்க்க வேண்டியதில்லை. முதல் ஆண்டு முழுவதும் நாளுக்கு 400 யூனிட் சொட்டு மருந்து போதும். ஆனால் மில்லிக்கு 400 யூனிட் உள்ள மருந்தும் 800 யூனிட் உள்ள மருந்தும் கடையில் அருகருகே இருக்கின்றன. பெரியவர்களுக்கான 60,000 யூனிட் பொட்டலமும் இருக்கிறது. பாட்டிக்கு எழுதியதைப் பேரனுக்குப் பிரித்துக் கொடுத்தால் இரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகக் கோளாறு வரை போகும். சத்து மருந்துதானே என்று அளவை மீற வேண்டாம். மாலை மங்கியதும் தடுமாறும் குழந்தையையும், கண்வெள்ளையில் நுரைபோல் திட்டு படிந்த குழந்தையையும் வைட்டமின் ஏ குறைபாட்டுக்காக உடனே பார்க்க வேண்டும். ஒன்பதாம் மாதத்திலிருந்து அரசு தரும் திரவத்தைத் தவறவிடாதீர்கள்.

மேலே சொன்னவற்றையெல்லாம் தாயின் பொறுப்பு என்று முடித்துவிட எங்களுக்கு மனம் இல்லை. 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பேறுகால விடுப்பு 26 வாரம். இருபத்தாறு வாரம் என்பது ஆறு மாதம். தாய்ப்பாலோடு இணை உணவு தொடங்க வேண்டிய அதே வாரத்தில் தாய் ஷிஃப்டுக்குத் திரும்புகிறார். காலை ஐந்து மணிக்கு நிறுவனப் பேருந்து ஏறுபவர் எப்போது மசித்து ஊட்டுவது? பக்கத்து வீட்டம்மாவிடம் விட்டால் பாலில் தோய்த்த பிஸ்கட்தான் நாள் முழுவதும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை சென்று பார்க்கலாம் என்று அதே திருத்தம் சொல்கிறது. எங்களிடம் வரும் தாய்மார்களில் இதை அறிந்தவர் மிகக் குறைவு. ஓசூரில் ஒவ்வொரு தொழிற்பேட்டைக்கும் ஒரு நல்ல காப்பகம் அமைந்தால், டானிக் புட்டிகளால் ஆகாதது ஆகும் என்பது எங்கள் உறுதியான எண்ணம். அதுவரை, குழந்தையைப் பகலில் யார் பார்த்துக்கொள்கிறார்களோ அவரையும் ஒருமுறை அழைத்து வாருங்கள். உணவைப் பற்றி அவரிடம்தான் பேச வேண்டியிருக்கிறது.

இரும்பு மருந்து தொடங்கிய குழந்தை இரண்டு வாரத்தில் சுறுசுறுப்பாகிவிடும். அத்தோடு பலர் புட்டியை ஓரமாக வைத்துவிடுகிறார்கள். நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும். அளவு சரியானபின்னும் இருப்பு நிரம்ப இரண்டு மூன்று மாதம் மருந்து தொடர வேண்டும். மலம் கறுத்துப் போவது இயல்பு. மருந்தைப் பாலில் கலக்காதீர்கள். மறுபரிசோதனைக்கு வரும்போது அட்டையோடு, மீதமுள்ள மருந்துப் புட்டியையும் கையோடு எடுத்து வாருங்கள். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, இரத்தம் எடுக்க வேண்டுமா என்பதை அப்போது முடிவு செய்வோம்.